மூத்தவர்கள் எத்தனை, இளையவர்கள் எத்தனை? பெண்கள் கால்பந்து கிளப் நடத்துவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வட சென்னையில் ஒரு சிறிய பெண்கள் கால்பந்து கிளப்புக்கு அணி மேலாளராக இருக்கிறேன். பதவியின் பெயரைக் கேட்டு மலைக்க வேண்டாம். தண்ணீர் கேன் தூக்குவது, பிறப்புச் சான்றிதழுக்கு நகல் எடுப்பது, தோற்ற அன்று பெற்றோருக்குப் பதில் சொல்வது, இவைதான் வேலை. ஒவ்வொரு பருவத்திலும் பதிவு நாள் நெருங்கும்போது மற்ற கிளப்காரர்கள் போன் செய்து கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விதான்: வெளியிலிருந்து அனுபவசாலிகளைக் கொண்டுவருவதா, நம் பிள்ளைகளையே நம்பி இறங்குவதா? அது பேசப் பேசப் பல கிளைகளாகப் பிரியும். போனில் சொன்னதையெல்லாம் இங்கே எழுதிவைக்கிறேன்.

ஆண்கள் அணியிலும் இதே தலைவலிதானே? பெண்கள் அணிக்கென்று தனியாக என்ன இருக்கிறது?

உங்கள் பட்டியலை வயதுவாரியாக ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். 15, 16, 16, 17, 17, 18 என்று வரிசையாகப் போகும். அடுத்து ஒரே தாவலாக 27, 29 என்று நிற்கும். நடுவில் பள்ளம். ஆண்கள் அணியில் அந்த இடத்தில் 21, 23, 25 வயதில் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். ஆட்டத்தின் சுமையைத் தூக்குகிறவர்கள் அவர்கள்தான். நம்மிடம் அவர்கள் இல்லை.

எங்கே போனார்கள் என்று தேட வேண்டியதில்லை. பிளஸ் டூ தேர்வோடு ஒருத்தி நின்றாள். சேர்ந்த கல்லூரியில் பெண்கள் அணி இல்லாததால் இன்னொருத்தி நின்றாள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை கிடைத்து, விடியற்காலை கம்பெனி பஸ்ஸில் ஏறும் ஒருத்தி ஞாயிற்றுக்கிழமை தூங்கத்தான் விரும்புவாள். ஒருத்திக்குக் கல்யாணம். இவர்களில் ஒருவர்கூட ஆட்டம் பிடிக்கவில்லை என்று நின்றவர் இல்லை.

ஆகவே அனுபவமும் இளமையும் என்று நாம் பேசுவதெல்லாம் இந்தப் பள்ளத்தைப் பற்றித்தான். வெளியிலிருந்து ஒருவரை எடுப்பதற்கு முன் நான் கேட்டுக்கொள்வது ஒன்றே: இவர் வந்தால், இன்று 18 வயதில் இருக்கும் நம் பெண் 22 வயதிலும் இங்கே ஆடிக்கொண்டிருப்பாளா? ஆம் என்று தோன்றினால் கையில் இல்லாத பணத்தையும் புரட்டலாம். இல்லையென்றால் அவர் எத்தனை கோல் அடிப்பவராக இருந்தாலும் எனக்கு ஆர்வம் குறைந்துவிடும்.

சரி, எண்ணிக்கையைச் சொல்லுங்கள். 18 பேர் பட்டியலில் மூத்தவர்கள் எத்தனை பேர்?

இந்தக் கேள்வியே கொஞ்சம் கோணல். பட்டியலில் பத்து இளையவர்களை எழுதிவிட்டுப் பத்துப் பேரையும் பெஞ்சில் உட்காரவைக்கலாம். பத்திரிகைக்காரர் கேட்டால் இளம் அணி என்று சொல்லிக்கொள்ளலாம். கணக்கை நிமிடத்தில் போடுங்கள்.

ஒரு ஆட்டம் 90 நிமிடம், களத்தில் 11 பேர். மொத்தம் 990 ஆட்ட நிமிடங்கள். அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 330 நிமிடம், 20 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் போக வேண்டும் என்பது எங்கள் கிளப்பில் நாங்களாக வைத்துக்கொண்ட அளவு. பிரித்துப் பார்த்தால் அது மூன்று பேர் முழு ஆட்டம் ஆடுவது, இன்னும் இரண்டு பேர் கடைசி அரை மணி நேரம் இறங்குவது. பெரிய தியாகம் எதுவும் இல்லை. ஆனால் நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எழுதிவைக்க வேண்டும். எழுதாவிட்டால், பருவத்தின் பாதியில் அந்த 330 எப்படியோ 120 ஆகியிருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். எங்களுக்கு நடந்திருக்கிறது.

போட்டியின் வடிவத்தைப் பொறுத்தும் இது மாறும். நாட்டின் முதன்மைப் பெண்கள் கால்பந்துப் போட்டியான இந்தியன் விமன்ஸ் லீக் 2017 ஜனவரியில் தொடங்கியபோது அணிகளை ஓரிடத்தில் கூட்டிச் சில வாரங்களில் முடித்துவிடும் போட்டியாகத்தான் இருந்தது. அப்படிப்பட்ட போட்டிக்கு ஏழெட்டு அனுபவசாலிகளைத் திரட்டிக்கொண்டு போய்க் கோப்பையோடு திரும்பலாம். 2023-24இல் அது சொந்த ஊர், எதிரணி ஊர் என்று மாறி மாறி ஆடும் முறைக்கு வந்தது. 8 அணிகள் ஆடிய 2024-25 பருவத்தில் ஒவ்வொரு அணிக்கும் 14 ஆட்டங்கள். மாதக்கணக்கில் இழுக்கும் போட்டியில் காயம், தேர்வு, லீவு எல்லாம் வரும். அப்போது பெஞ்சில் இருக்கும் பிள்ளைகள் ஏற்கெனவே ஆடிப் பழகியவர்களாக இருக்க வேண்டும். உள்ளூர் லீக்கில் இருக்கும் நமக்கும் இதே கதைதான், அளவு மட்டும் சிறியது.

அனுபவசாலி என்றால் வயதில் மூத்தவர் என்றுதானே பொருள்?

பெரும்பாலும் அப்படித்தான், ஆனால் கட்டாயமில்லை. தேசியப் போட்டி இரண்டு ஆடிய 22 வயதுக்காரர், பத்து வருடம் ஒரே உள்ளூர்ப் போட்டியில் ஆடிய 30 வயதுக்காரரைவிட அனுபவசாலி. அதேபோல் 30 ஆனவரை முடிந்துபோனவர் என்று ஒதுக்குவதும் தவறு. பிரேசிலின் ஃபொர்மிகா 1995 முதல் 2019 வரை ஏழு உலகக் கோப்பைகளில் ஆடினார். கடைசியில் அவருக்கு வயது 41. நம் மணிப்பூரின் பாலா தேவி 2020இல் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் கிளப்பில் சேர்ந்தபோது முப்பதை நெருங்கியிருந்தார்.

ஒரே ஒருவரை எடுக்கத்தான் பணம் இருக்கிறது. ஸ்ட்ரைக்கரா, நடுக்களமா, கோல்கீப்பரா?

எல்லாருக்கும் ஸ்ட்ரைக்கர் மேல்தான் கண். கோல் அடித்தால் படம் வரும், ஸ்பான்சர் மகிழ்வார். நான் கோல்கீப்பர் அல்லது நடுத் தடுப்பாட்டக்காரர் என்று சொல்வேன். ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன்.

எங்கள் தடுப்பு வரிசையில் நான்கு பேரும் 18 வயதுக்குக் கீழே இருந்த ஒரு பருவம் உண்டு. நால்வருக்கும் வேகம் இருந்தது, தைரியமும் இருந்தது. சத்தம் மட்டும் இல்லை. எதிரணிக்காரி பந்தை உயரத் தூக்கி அடிப்பாள். நம்மில் இருவர் அதே பந்துக்கு ஓடுவார்கள், அல்லது இருவருமே மற்றவள் போவாள் என்று நிற்பார்கள். எதிரணிக்காரியை ஆஃப்சைடில் சிக்கவைக்க நால்வரும் நேராக நிற்க வேண்டிய கோடு, கோடாகவே இருக்காது. துணி உலர்த்தும் கொடிக்கயிறு மாதிரி நடுவில் தொங்கும். பயிற்சியாளர் கோட்டுக்கு வெளியே நின்று கத்துவது காற்றில் போய்விடும்.

அடுத்த பருவம் ஒரு கோல்கீப்பர் வந்தார். வேறு மாவட்டத்துக்காரர், அரசுப் பணியில் இருப்பவர், 29 வயது. முதல் பயிற்சி ஆட்டத்தில் அவர் தடுத்த பந்துகள் இரண்டோ மூன்றோதான். ஆனால் 90 நிமிடமும் வாய் மூடவில்லை. "ஏறு, ஏறு", "இடது பக்கம் ஒருத்தி வருகிறாள் பார்", "கீப்பர்!", "விடு, வெளியே போகும்". பந்து எதிரணிப் பக்கம் இருக்கும்போதும் பேசிக்கொண்டே இருந்தார். மூன்றாவது ஆட்டத்திலேயே எங்கள் இடது பக்கத் தடுப்பாட்டக்காரி, வகுப்பில் பெயர் கூப்பிட்டால்கூடத் தலையை மட்டும் ஆட்டும் பெண், முன்னால் நின்ற விங்கரை, அதாவது களத்தின் ஓரமாக முன்னேறி ஆடுபவளைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தாள். அந்த ஒரு ஆள் மாற்றத்தில் நான்கு பேர் வளர்ந்தார்கள். ஸ்ட்ரைக்கரால் அப்படி நான்கு பேரை வளர்க்க முடியாது. அவருக்கு முதுகுப் பக்கம்தான் அணி இருக்கிறது. கோல்கீப்பருக்கு முழு அணியும் கண் முன்னால்.

இரண்டாவது ஆளுக்குப் பணம் கிடைத்தால் நடுக்களம். ஆட்டத்தை எப்போது மெதுவாக்க வேண்டும் என்று தெரிந்த ஒருவர். இளம் பெண்கள் 1-0 என்று முன்னிலையில் இருக்கும்போதும் இரண்டாவது கோலுக்கு ஓடுவார்கள். சென்னை வெயிலில் 70ஆவது நிமிடத்தில் அது தற்கொலைக்குச் சமம்.

விங்கில் இளையவர்களை விடுங்கள். அங்கே தவறு செய்தால் பந்து த்ரோவுக்குப் போகும், கோலுக்குப் போகாது. கற்றுக்கொள்ள அதைவிடப் பாதுகாப்பான இடம் களத்தில் இல்லை.

வெளிநாட்டு வீராங்கனைகளைக் கொண்டுவந்தால் உள்ளூர்ப் பெண்களின் இடம் பறிபோகாதா?

கொண்டுவருகிற விதத்தைப் பொறுத்தது. தமிழ்நாட்டுக்கு நல்ல எடுத்துக்காட்டு மதுரையின் சேது எஃப்.சி. 2018இல் வங்கதேசத்தின் சபினா காதுன், கிருஷ்ணா ராணி சர்க்கார் இருவரும் அந்த அணிக்கு வந்தார்கள். அடுத்த பருவம் நேபாளத்தின் சாபித்ரா பண்டாரி. 2019 மே மாதம் லூதியானாவில் நடந்த இந்தியன் விமன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் மணிப்பூர் போலீஸை 3-1 என வென்று சேது சாம்பியன் ஆனது. அந்த அணியில் கடலூரின் இந்துமதி கதிரேசன் போன்ற தமிழ்நாட்டு வீராங்கனைகள் வெளியாருக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கவில்லை. அவர்களோடு சேர்ந்து ஆடினார்கள்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். சாபித்ரா 2020 பருவத்தில் கோகுலம் கேரளாவுக்குப் போனார், லீக்கில் அதிக கோல் அடித்தார், கோகுலம் சாம்பியன் ஆனது. பிறகு பிரான்சின் கிங்காம்ப் வரை போய்விட்டார். நல்ல வீராங்கனை ஒரு பருவத்துக்கு மேல் தங்க மாட்டார் என்று வைத்துக்கொண்டுதான் திட்டம் போட வேண்டும். அவர் போகும்போது கோல்களோடு போய்விடுவாரா, பழக்கங்களை விட்டுப் போவாரா என்பதில் கிளப்பின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. எங்களைப் போன்ற கிளப்புக்கு வெளிநாடெல்லாம் கனவு. எங்கள் வெளிநாடு திண்டுக்கல்லும் கடலூரும்தான்.

தமிழ்நாட்டில் ஆள் இல்லை என்று மட்டும் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மணிப்பூர் பலமுறை வென்றிருந்த தேசிய சீனியர் பெண்கள் கோப்பையைத் தமிழ்நாடு 2018இல் அதே மணிப்பூரை 2-1 என வென்று எடுத்தது. 2023இல் அமிர்தசரஸில் ஹரியானாவை வென்று மறுபடியும் எடுத்தது.

15, 16 வயதுப் பெண்ணைப் பெரியவர்கள் ஆட்டத்தில் இறக்கலாமா?

உலகில் இறக்கியிருக்கிறார்கள். கொலம்பியாவின் லிண்டா கைசெடோ 14 வயதில் அமெரிக்கா டி காலி கிளப்புக்கு ஆடினார். ஆஸ்திரேலியாவின் சாம் கெர் 15 வயதில் பெர்த் குளோரிக்கு ஆடத் தொடங்கினார். அமெரிக்காவில் அலிஸ்ஸா தாம்சன் 2023இல், 18 வயதில், பள்ளியிலிருந்து நேராக ஏஞ்சல் சிட்டி அணிக்குப் போனார். இவர்கள் பெயரைச் சொல்லித்தான் பயிற்சியாளர்கள் பெற்றோரை மடக்குகிறார்கள். ஆனால் அந்தப் பெண்களைச் சுற்றி மருத்துவர், உடற்பயிற்சியாளர், உணவு, ஓய்வு என்று ஒரு சிறிய ஊரே இருந்தது. நம் பெண்ணைச் சுற்றி இருப்பது நானும் ஒரு ஐஸ் பெட்டியும்.

பயப்பட வேண்டியது முழங்காலுக்கு. ஏ.சி.எல். என்று எல்லாரும் சொல்லும் தசைநார் கிழிவது பெண்களுக்கு ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். இடுப்பெலும்பின் அமைப்பு, தொடைத் தசையின் பலம், குதித்து இறங்கும் விதம் எனப் பல காரணங்கள் சொல்கிறார்கள். பூட்ஸும் ஒன்று, பெரியமேட்டுக் கடைகளில் நம் பெண்களுக்குக் கிடைப்பது பையன்களின் காலுக்குச் செய்த சின்ன அளவுதான்.

செலவே இல்லாத மருந்து ஒன்று இருக்கிறது. உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் 11+ என்ற முன்பயிற்சி: மூன்று பகுதிகள், 15 பயிற்சிகள், மொத்தம் 20 நிமிடம். 13 முதல் 17 வயதுப் பெண்களிடம் நார்வேயில் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வில், அதைச் செய்த அணிகளில் கடுமையான காயங்கள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தன. சிக்கல் என்னவென்றால் அது சலிப்பூட்டும். பயிற்சியாளர் சொன்னால் பிள்ளைகள் பாதி செய்வார்கள். மூத்த வீராங்கனை முதல் ஆளாக நின்று ஒற்றைக் காலில் குந்தி எழுந்தால் முழுசாகச் செய்வார்கள். அனுபவசாலிக்குக் கொடுக்கும் பணத்தில் பாதி இதற்கே சரியாகிவிடும் என்று எங்கள் பொருளாளரிடம் நான் வாதாடியிருக்கிறேன். அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

எங்கள் வழக்கம்: 16 வயது நிரம்பாதவர் பெரியவர்கள் ஆட்டத்தில் கடைசி 20 நிமிடம், அதே வாரத்தில் பள்ளிப் போட்டி இருந்தால் அதுவும் இல்லை.

மூத்தவர்களும் இளையவர்களும் பேசிக்கொள்வதே இல்லை. என்ன செய்வது?

இதில் நகைச்சுவையான ஒரு பகுதியும் இருக்கிறது. நம் பிள்ளைகள் மரியாதை தெரிந்தவர்கள். பந்து கேட்கும்போது "அக்கா!" என்று கூப்பிடுவார்கள். களத்தில் அக்கா நான்கு பேர். நால்வரும் திரும்பிப் பார்ப்பார்கள், பந்து எதிரணிக்குப் போகும். வெளியே அக்கா, கோட்டுக்குள் பெயர் என்று ஒரு விதி கொண்டுவந்தோம். மூத்தவர்கள் உடனே சரி என்றார்கள். பிள்ளைகளுக்குத்தான் வாய் வரவில்லை. 13 வயது மூத்தவரை எப்படிப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது? இரண்டு வாரம் பந்தையே கேட்காமல் ஆடினார்கள். கடைசியில் எங்கள் கோல்கீப்பர்தான் வழி கண்டார்: எல்லாருக்கும் இரண்டெழுத்தில் ஒரு பட்டப்பெயர். தனக்கு "பூனை" என்று அவரே வைத்துக்கொண்டார். பெயருக்கும் பட்டப்பெயருக்கும் மரியாதைக் கணக்கு வேறு போலிருக்கிறது. அடுத்த ஆட்டத்தில் "பூனை, பூனை" என்று களம் அதிர்ந்தது.

பேச்சு வளர்வது பெரும்பாலும் களத்துக்கு வெளியே. எங்கள் சீருடையில் அரைக்கால் சட்டை வெள்ளை. மாதத்தில் சில நாள்கள் ஒன்றிரண்டு பெண்கள் வயிற்றுவலி என்று வராமல் இருப்பார்கள். நான் அதைச் சோம்பல் என்று நினைத்தேன். மூத்தவர் ஒருவர் என்னைத் தனியாக அழைத்து, "வலியைவிடக் கறை பட்டுவிடுமோ என்ற பயம்தான் பெரிது சார்" என்றார். 2023 உலகக் கோப்பைக்கு இங்கிலாந்து அணியே வெள்ளையை விட்டு நீல அரைக்கால் சட்டைக்கு மாறியது என்பதையும் அவர்தான் சொன்னார். கருநீலத்துக்கு மாறினோம். அந்த இளம் பெண்கள் என்னிடம் ஐந்து வருடம் ஆனாலும் அதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பெற்றோர் சம்மதிக்க மறுத்தால்?

மூன்று பயம். கால் உடையும், கறுத்துப்போவாள், இருட்டிவிடும். முதலாவதற்கு மேலே சொன்ன பயிற்சி. இரண்டாவதற்கு என்னிடம் பதில் இல்லை. சிரித்துவிட்டு மோர் குடிக்கச் சொல்வேன். மூன்றாவதுதான் உண்மையான பயம். மாலைப் பயிற்சி ஆறரைக்குள் முடிய வேண்டும், வியாசர்பாடி ஜீவா நிலையத்தில் ரயில் ஏறும்வரை மூத்தவர் ஒருவர் கூடவே நடக்க வேண்டும். அரசு வேலையில் இருக்கும் வீராங்கனை ஒருவர் வீட்டுக்கே வந்து, "நான் இப்படித்தான் ஆடினேன், இப்போது சம்பளம் வாங்குகிறேன்" என்று சொன்னால், நான் பத்து முறை சொன்னதைவிட வேலை செய்கிறது. தமிழ்நாட்டில் அரசு வேலைகளில் சாதனை படைத்த விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு என்பது அப்பாக்களுக்கு உடனே புரியும் மொழி.

பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பிளஸ் டூ பெண்களைத் தொந்தரவு செய்யாதீர்கள். அந்த இரண்டு மாதத்துக்கென்றே பட்டியலில் மூத்தவர்கள் வேண்டும்.

அரசுத் துறைகளில் வேலை செய்யும் வீராங்கனைகளை நம்பிப் பதிவு செய்யலாமா?

செய்யலாம், ஆனால் அனுமதிக் கடிதத்தைக் கையில் வாங்கிய பிறகு. "துறையில் பேசிவிட்டேன்" என்ற வார்த்தையை நம்பி அரையிறுதிக்குக் கோல்கீப்பர் இல்லாமல் போன அனுபவம் எங்களுக்கு உண்டு. குற்றம் அவருடையது அல்ல. அன்று பாதுகாப்புப் பணி போட்டுவிட்டார்கள். இந்துமதி கதிரேசனே காவல் துறையில் சப்-இன்ஸ்பெக்டர். 2020 ஊரடங்கின்போது சென்னையில் சாலையில் பணியில் நின்றார். இந்திய அணி வீராங்கனைக்கே அதுதான் நிலைமை என்றால் உங்கள் நடுக்கள வீராங்கனைக்கு என்ன விதிவிலக்கு கிடைக்கும்? அவருடைய இடத்துக்கு ஓர் இளையவரை வாரம் ஒரு முறையாவது பழக்கி வையுங்கள்.

வளர்த்த பெண்ணைப் பெரிய கிளப் தூக்கிக்கொண்டு போய்விடுகிறதே?

போகட்டும். வயிறு எரியும், இருந்தாலும் போகட்டும். ஆண்கள் கால்பந்தில், வளர்த்த கிளப்புக்கு, ஆளை எடுக்கும் கிளப் தர வேண்டிய பயிற்சி ஈட்டுத்தொகை உண்டு. அது பெண்கள் கால்பந்துக்குப் பொருந்தாது என்று ஃபிஃபா விதியே சொல்கிறது. ஈட்டுத்தொகைச் சுமை சேர்ந்தால் பெண்களின் இடமாற்றமே முடங்கும் என்பது காரணம். சிறிய கிளப்பின் கண்ணீரை அந்தக் காரணம் துடைப்பதில்லை. 18 வயதுக்குக் கீழே உள்ளவரோடு மூன்று ஆண்டுக்கு மேல் ஒப்பந்தம் போட முடியாது என்பதும் விதி. ஆகவே கட்டிப்போடும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். போன பெண் விடுமுறைக்கு வரும்போது ஒரு நாள் பயிற்சிக்கு வரச் சொல்லுங்கள். பெரும்பாலும் வருவார்கள்.

கல்யாணம், குழந்தை என்று போனவர்களைத் திரும்ப அழைக்கலாமா?

நடுவில் பள்ளம் என்றேனே, அதை நிரப்ப மலிவான வழி இதுதான். வெளியூரில் தேடுவதற்கு முன் நம் பழைய பட்டியலைப் புரட்டுங்கள். தொழில்முறை வீராங்கனைகளுக்கு 2021 முதல் குறைந்தது 14 வாரம் சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு என்று ஃபிஃபா விதி வைத்திருக்கிறது. சம்பளம் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையக் கூடாது. ஒப்பந்தமே இல்லாத நம் பெண்களுக்கு அந்த விதி எட்டாது. நம்மால் முடிந்தது வேறு: பயிற்சி நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள். எங்கள் திடலில் ஒரு பாட்டி பாயோடு வந்து மரத்தடியில் உட்காருவார். அவருடைய மருமகள் 24 வயதில் திரும்ப வந்தவர், இன்று எங்கள் வலது பக்கத் தடுப்பு. பாட்டிக்கு ஆஃப்சைடு இன்னும் புரியவில்லை, நடுவரைத் திட்டுவதில் மட்டும் குறையில்லை.

மூத்த வீராங்கனையை எப்போது பெஞ்சில் உட்காரவைப்பது?

அவருக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு. ஆட்ட நாள் காலையில் பட்டியலை ஒட்டி அவரைத் தெரிந்துகொள்ள வைப்பது அநாகரிகம். இரண்டு வாரம் முன்பே உட்கார்ந்து பேசி, கூடவே வேறொரு வேலையும் கொடுங்கள். அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் டி லைசென்ஸ் என்ற தொடக்கநிலைப் பயிற்சியாளர் படிப்புக்கு அனுப்பலாம், ஆடிக்கொண்டே படிக்கலாம். பெண் பயிற்சியாளர்கள் நமக்குப் போதாது.

பதிவு நாளுக்கு முன் கடைசியாக என்ன சரிபார்க்க வேண்டும்?

வயதுவாரிப் பட்டியல். அனுமதிக் கடிதங்கள். பெற்றோர் கையெழுத்து. இரண்டாவது கோல்கீப்பர், அவர் கட்டாயம் 18 வயதுக்குக் கீழே இருக்கட்டும். பிறகு, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் திடலுக்குப் போவதென்றால் பிறப்புச் சான்றிதழில் மூன்று நகல்கள் எடுத்து இரண்டு பைகளில் வையுங்கள். ஒரு பை கண்டிப்பாக நனையும்.